சந்தையையே விலைக்கு வாங்கலாமா?

வாரச் சந்தை கூடும் நாளில், பொழுது புலர்வதற்கு முன்பே சந்தை வாயிலில் ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்துவிடுவார். கையில் இரசீதுப் புத்தகம் இருக்கும். ஆட்டுக்கு இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, தலைச்சுமைக் காய்கறிக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலித்துக்கொண்டே இருப்பார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய வாரத்தில் செஞ்சிக்கோ எட்டயபுரத்துக்கோ ஆடு பிடிக்கப் போய் வந்தவர்கள் இவரை நன்கு அறிவர். விற்றவருக்கு இலாபமா, வாங்கியவருக்கு நட்டமா என்பது அவருக்குப் பொருட்டன்று. ஆடு கைமாறினால் போதும். அவருடைய காசு வந்துவிடும். அவர்தான் சந்தைக் குத்தகைதாரர்.

அன்பார்ந்த வாசகர்களே! நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று கைப்பேசியிலேயே பங்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சபுராளிகளும் தாம் அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போடத் தொடங்கிவிட்டனர். அவர்களுள் சற்று ஆழ்ந்து சிந்திப்போர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. எந்தக் கம்பெனி உயரும், எது விழும் என்று ஏன் குழம்ப வேண்டும்? பங்குகள் கைமாறும் சந்தையை நடத்தும் நிறுவனத்தின் பங்கையே வாங்கி வைத்துவிட்டால், யார் வென்றாலும் யார் தோற்றாலும் நமக்குச் சுங்கம் வந்துகொண்டே இருக்குமல்லவா?

நல்ல கேள்விதான். விடை சொல்வதற்குத்தான் பல படிகள் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. பொதுவாகப் பேசினால் காற்றில் பேசுவது போலாகும் என்பதால், பி.எஸ்.இ. எனப்படும் பம்பாய்ப் பங்குச் சந்தை நிறுவனத்தையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

தலால் தெருவின் கதை

1850களில் பம்பாய் டவுன் ஹாலுக்கு எதிரே ஆலமரத்தடியில் கூடி வணிகம் செய்த தரகர்கள், 1875ஆம் ஆண்டில் ஒரு சங்கமாக அமைந்தனர். அவர்கள் நிலைகொண்ட தெருவுக்குத் தலால் தெரு என்று பெயர். தலால் என்பது அரபுச் சொல்லான ‘தல்லால்’ என்பதன் திரிபு. தரகர் என்று பொருள். நாணயம் மாற்றும் ‘ஸர்ராஃப்’ நம் கடைவீதிகளில் ‘சராப்பு’ ஆனதைப் போல. வணிகம் போன இடமெல்லாம் அரபுச் சொற்களும் போயிருக்கின்றன.

ஏறத்தாழ 120 ஆண்டுகள் இந்தச் சங்கம் தனிக்காட்டு ராஜாவாக இருந்தது. தரகர்களே உறுப்பினர்கள், அவர்களே நிர்வாகிகள், விதி வகுப்பவர்களும் அவர்களே. 1992ஆம் ஆண்டின் பங்கு ஊழல் நாட்டையே உலுக்கிய பிறகு நிலைமை மாறியது. 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தையான என்.எஸ்.இ. பங்கு வணிகத்தைத் தொடங்கிற்று. பம்பாய்த் தரகர்கள் கூச்சலிட்டு விலை பேசிக்கொண்டிருந்தபோது, புதிய சந்தை செயற்கைக்கோள் இணைப்பின் மூலம் நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்த தரகர்களையும் கணினித் திரைக்கு முன் அமர்த்திவிட்டது. 1995 மார்ச்சில் பி.எஸ்.இ.யும் கணினிக்கு மாறியது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. ஓராண்டுக்குள் இளையவர் மூத்தவரை முந்திவிட்டார். பின்னாளில் அன்றாடப் பங்கு வணிகத்தில் பி.எஸ்.இ.யின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் கீழே போயிற்று.

2005ஆம் ஆண்டில் சங்கம் கம்பெனியாயிற்று. தரகர்களின் உரிமையும் சந்தை நிர்வாகமும் பிரிக்கப்பட்டன. 2017 பிப்ரவரியில் அதன் பங்கே விற்பனைக்குப் பட்டியலிடப்பட்டது. எங்கே தெரியுமா? போட்டியாளரான என்.எஸ்.இ.யில்! தன் சந்தையில் தன் பங்கையே விற்க விதி இடந்தருவதில்லை.

அந்த வெளியீட்டில் ஒரு பங்கின் விலை 806 ரூபாய். பழைய பங்குதாரர்கள் தம் பங்குகளை விற்ற வெளியீடு அது; நிறுவனத்தின் கல்லாவில் அதனால் ஒரு காசும் சேரவில்லை. பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2020 மார்ச்சில், கொரோனா அச்சத்தில் அதே பங்கு 300 ரூபாய்க்கும் கீழே இறங்கிற்று. அதன் பின்னர் 2022இலும் 2025இலும் ஒரு பங்குக்கு இரண்டு இலவசப் பங்குகள் வழங்கப்பட்டன. ஆக, முதலில் வாங்கிய ஒரு பங்கு ஒன்பதாயிற்று. 2025 ஜூனில் ஒரு பங்கின் விலை 3,000 ரூபாயைத் தொட்டது. 806 ரூபாய் 27,000 ரூபாயாயிற்று என்று கணக்கு.

இந்த எண்ணைக் கேட்டவுடன் உள்ளம் துள்ளும். ‘அன்றே வாங்கியிருக்கலாமே’ என்று மனம் ஏங்கும். ஏங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டடம் அதேதான், பெயர் அதேதான், பட்டியலில் உள்ள கம்பெனிகளும் பெரும்பாலும் அவையேதாம். பின்னர் எது மாறிற்று?

சுங்கம் எங்கிருந்து வருகிறது?

ஒரு சந்தை நிறுவனத்தின் வருவாய் பல வாய்க்கால்களில் வருகிறது. அதன் பட்டியலில் இடம்பெற்ற கம்பெனிகள் ஆண்டுதோறும் கட்டும் கட்டணம் ஒன்று. பி.எஸ்.இ.யின் பட்டியலில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் இருப்பதால் இது வயலுக்குக் கட்டும் கிஸ்தி போல் தவறாது வந்து சேரும். புதிய பங்கு வெளியீடுகளை நடத்தித் தருவதற்கான கூலி இன்னொன்று. பரஸ்பர நிதிகளை வாங்கி விற்க 2009இல் தொடங்கிய மேடை, விலை விவரங்களை விற்பது, சி.டி.எஸ்.எல். என்ற பங்குக் காப்பகத்தில் வைத்திருக்கும் பங்கு என்று சில சிறு ஊற்றுகளும் உண்டு. இவை தவிர, கையிருப்பையும் பிணைத் தொகைகளையும் வங்கி வைப்புகளிலும் கடன் பத்திரங்களிலும் போட்டு ஈட்டும் வருவாய் இருக்கிறது. 2017ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த முதலீட்டு வருவாய்தான் நிறுவனத்தின் இலாபத்தைத் தாங்கிப் பிடித்தது. வெளிப்படையாகச் சொன்னால், பழைய சந்தை ஒன்று தன் சேமிப்பை உண்டு வாழ்ந்துகொண்டிருந்தது.

முக்கியமான வாய்க்கால், ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் விதிக்கும் பரிவர்த்தனைக் கட்டணமாகும். 2023 மே 15 அன்று பி.எஸ்.இ. தன் சென்செக்ஸ் டெரிவேடிவ் ஒப்பந்தங்களைப் புதுக்கி, வாரந்தோறும் முடிவடையும் ஆப்ஷன்களைக் களத்தில் இறக்கிற்று. ஆப்ஷன் என்றால் என்ன? குறியீட்டெண் இன்ன நாளில் இன்ன அளவைத் தாண்டும் என்றோ தாண்டாது என்றோ எண்ணி, திரும்பி வராத ஒரு முன்பணத்தைக் கட்டுவது. நினைத்தது நடந்தால் பெருந்தொகை. நடக்காவிட்டால் முன்பணம் போயிற்று. வாரம் முடிந்தால் அடுத்த வாரம் புதிய ஒப்பந்தம்.

அதன் விளைவை எண்கள் சொல்லும். 2022-23 நிதியாண்டில் நிறுவனத்தின் மொத்த வருவாய் சுமார் 950 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு 1,600 கோடிக்கு மேல். 2024-25இல் 3,200 கோடிக்கு மேல். 2019-20இல் 120 கோடியளவில் இருந்த நிகர இலாபம், 2024-25இல் 1,300 கோடியைத் தாண்டிற்று. பரிவர்த்தனைக் கட்டணமே வருவாயில் பாதிக்கு மேல்.

இதில் தொழிலின் சிறப்பு ஒன்று தெரிகிறது. நெசவாலைக்கு உற்பத்தி இரட்டிப்பானால் தறியும் ஆளும் நூலும் இரட்டிப்பாக வேண்டும். சந்தைக்கு அப்படியன்று. ஆயிரம் கொடுக்கல் வாங்கல் நடந்தாலும் பத்தாயிரம் நடந்தாலும் அதே கணினிகள், ஏறத்தாழ அதே ஊழியர்கள். சரக்கு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை; வாராக் கடன் என்ற தொல்லையும் பெரிதாக இல்லை. கூடுதலாக வரும் வருவாயில் பெரும்பகுதி நேரே இலாபத்தில் போய் விழும். தொழில் என்ற அளவில் இதைவிட எளிமையாகப் பணம் ஈட்டும் தொழில்கள் குறைவு என்பதே என் கருத்து. ஆனால் அதே தராசு மறுபக்கமும் சாயும். வருவாய் சுருங்கும்போது செலவு சுருங்காது. இலாபம் இரட்டை வேகத்தில் கரையும்.

மண்ணடிக்கு அருகே ஒரு பாடம்

கூட்டம் கூட்டத்தை ஈர்க்கும் என்பது சந்தையின் அடிப்படை. வாங்குவோர் அதிகமாக இருக்கும் இடத்துக்கே விற்போர் போவர்; விற்போர் அதிகமாக இருக்கும் இடத்துக்கே வாங்குவோர் போவர். ஒருமுறை கூடிவிட்ட கூட்டத்தைப் போட்டியாளர் கலைப்பது கடினம். சந்தை நிறுவனங்களுக்கு வலிமையான கோட்டைச் சுவர் உண்டு என்று முதலீட்டு அறிஞர்கள் சொல்வது இதனால்தான்.

மெய்தான். எனினும் கூட்டம் ஒருமுறை கலைந்தால் என்னவாகும் என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை மண்ணடியில் தொழில் செய்த நம்மவர்கள், அருகே இரண்டாவது கடற்கரைச் சாலையில் இருந்த சென்னைப் பங்குச் சந்தைக் கட்டடத்தைப் பார்த்திருப்பார்கள். 1920இல் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே மூடி, 1937இல் மீண்டும் உயிர்பெற்ற சந்தை அது. தென்னாட்டுக் கம்பெனிகளின் பங்குகள் பல்லாண்டு காலம் அங்கேதான் விலை பேசப்பட்டன. என்.எஸ்.இ.யின் திரை சென்னைக்கு வந்த பிறகு அங்கே வணிகம் வற்றிற்று. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வணிகம் இல்லாத சந்தைகள் விலகிக்கொள்ள வேண்டும் என்று 2012இல் விதி வந்தது. 2015இல் சென்னைப் பங்குச் சந்தை விடைபெற்றது. கோயம்புத்தூர்ச் சந்தையும் இல்லாது போயிற்று. நாடெங்கும் ஏறக்குறைய இருபது வட்டாரச் சந்தைகள் இருந்தன. அவற்றின் உறுப்பினர் அட்டைகளை ஒருகாலத்தில் பெருந்தொகை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. அவர்களும் கோட்டைச் சுவரை நம்பியவர்கள்தாம்.

பி.எஸ்.இ. பிழைத்தது அதன் வயதாலும் பட்டியலாலும் சேமிப்பாலும். 2023க்குப் பிறகு அது செழித்தது ஆப்ஷன் என்ற ஒரே வாயிலால். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே இந்தப் பங்கை மதிப்பிடத் தகுதியுடையவர்.

குத்தகைக்கு விடுபவர் யார்?

சந்தைக் குத்தகையில் இன்னொருவர் உண்டு. அவர் பஞ்சாயத்துத் தலைவர். சுங்கம் எவ்வளவு வசூலிக்கலாம், சந்தை எந்தக் கிழமை கூடலாம் என்பதெல்லாம் அவர் கையில். பங்குச் சந்தைக்கு அந்த இடத்தில் இருப்பது ‘செபி’ என்ற ஒழுங்குமுறை ஆணையம்.

2024 ஏப்ரல் இறுதியில் செபியின் கடிதம் ஒன்று பி.எஸ்.இ.க்கு வந்தது. ஆப்ஷன் வணிகத்துக்குச் செலுத்த வேண்டிய ஒழுங்குமுறைக் கட்டணத்தை, கைமாறிய முன்பணத்தின் மீதன்றி, ஒப்பந்தத்தின் முழு முகமதிப்பின் மீது கணக்கிட்டுச் செலுத்த வேண்டும் என்றது கடிதம். பழைய பாக்கி சுமார் 165 கோடி ரூபாய். அன்று ஒரே நாளில் பங்கின் விலை பத்தில் ஒரு பகுதிக்கு மேல் சரிந்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல், பெரிய தரகருக்கு ஒரு கட்டணம் சிறியவருக்கு ஒரு கட்டணம் என்ற முறை நின்றது. நவம்பர் 20 முதல், ஒரு சந்தைக்கு ஒரே ஒரு வாராந்திர ஆப்ஷன்தான் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பும் 15 இலட்சமாக உயர்த்தப்பட்டது. 2025 செப்டம்பர் முதல் ஒப்பந்தங்கள் செவ்வாய் அல்லது வியாழனில்தான் முடிய வேண்டும் என்றாயிற்று. என்.எஸ்.இ. செவ்வாயை எடுத்துக்கொண்டது, பி.எஸ்.இ.க்கு வியாழன். கிழமை மாறியதற்கே பங்கின் விலை ஆடிற்று என்றால், இந்த வருவாய் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விதிகளால் சில வேளை பி.எஸ்.இ.க்கு நன்மையும் விளைந்தது. என்.எஸ்.இ. தன் வாராந்திர ஒப்பந்தங்களில் பலவற்றை நிறுத்த நேர்ந்ததால், கூட்டம் இந்தப் பக்கம் வந்தது. ஆனால் அதைத் திறமை என்று கணக்கில் எழுதலாமா? பக்கத்து ஊர்ச் சந்தையை அதிகாரிகள் மூடியதால் நம் ஊர்ச் சந்தையில் ஆடு பெருகிற்று என்பது போன்றது அது.

நிர்வாகத்தின் நாணயமும் கவனிக்கத்தக்கது. எம்.சி.எக்ஸ். என்ற பண்டச் சந்தை 2012 பிப்ரவரியில் 1,032 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. இந்தியாவில் பட்டியலிடப்பட்ட முதல் சந்தை நிறுவனம் அதுவே. 2013 ஜூலையில், அதே நிறுவனர் குழுமத்தைச் சேர்ந்த என்.எஸ்.இ.எல். என்ற இன்னொரு சந்தையில் சுமார் 5,600 கோடி ரூபாய் பட்டுவாடா முடங்கியது. எம்.சி.எக்ஸ்.இல் ஒரு ரூபாய்கூட முடங்கவில்லை. ஆனாலும் அதன் பங்கு சில வாரங்களில் 300 ரூபாய்க்கும் கீழே போயிற்று. அதே ஜூலையில் விதிக்கப்பட்ட பண்டப் பரிவர்த்தனை வரியும் வணிகத்தைச் சுருக்கிற்று. சந்தையின் சரக்கே நம்பிக்கைதான். அது போனால் கட்டடமும் கணினியுமே மிச்சம்.

கந்தூரி மாத வாடகை

மதிப்பு முதலீடு என்ற முறைக்கு வித்திட்டவர் பெஞ்சமின் கிரஹாம் என்ற அமெரிக்கப் பேராசிரியர். 1934இலும் 1949இலும் வெளிவந்த அவருடைய இரு நூல்கள் இன்றும் படிக்கப்படுகின்றன. அவர் கூறியதன் சாரம் இது: ஒரு தொழிலின் உள்ளார்ந்த மதிப்பை நிதானமாகக் கணித்துக்கொள், அதைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் கிடைத்தால் மட்டுமே வாங்கு. கணிப்பில் தவறு நேர்ந்தாலும் அந்த இடைவெளி உன்னைக் காக்கும்.

இந்த அளவுகோலைப் பி.எஸ்.இ. மீது வைப்போம். 2020 மார்ச்சில் நிறுவனத்துக்கு சுமார் நாலரைக் கோடிப் பங்குகள் இருந்தன. 300 ரூபாய் வீதம் மொத்த நிறுவனத்தின் சந்தை விலை 1,350 கோடி. அதன் நிகரச் சொத்தோ 2,000 கோடிக்கும் மேல். ஆண்டு இலாபம் 120 கோடி. அதாவது பதினோராண்டு இலாபத்துக்குச் சமமான விலை. கிரஹாம் சொன்ன இடைவெளி கண்ணெதிரே இருந்தது. அன்று அதை வாங்க எவருக்கும் துணிவில்லை. நாடே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது.

2025 ஜூனுக்கு வருவோம். பங்குகள் 40 கோடிக்குச் சற்று மேல். விலை 3,000 ரூபாய். மொத்த விலை 1,20,000 கோடிக்கு மேல். 2024-25 இலாபமான 1,300 கோடியால் வகுத்தால், தொண்ணூறு ஆண்டு இலாபத்துக்கு மேற்பட்ட விலை. நூறு ரூபாய் போட்டவருக்காகத் தொழில் ஈட்டுவது ஆண்டுக்கு ஒரு ரூபாய் சொச்சம். இலாபம் மேலும் மேலும் பெருகினால்தான் இந்த விலை நியாயமாகும். அந்த இலாபமும் எந்த ஆண்டு இலாபம்? ஆப்ஷன் வெள்ளம் கரைபுரண்ட ஆண்டின் இலாபம்.

நாகூரில் கடைத்தெருவில் ஒரு கடையை விலை பேசுகிறோம் என்று வையுங்கள். கந்தூரி நாட்களில் அந்தக் கடைக்கு என்ன வாடகை வரும் என்று கேட்டு, அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டு வருமானம் என்று எழுதி, அதையும் தொண்ணூறால் பெருக்கி விலை கொடுப்போமா? உள்ளூர் வியாபாரி எவரும் கொடுக்கமாட்டார். பத்தாண்டு வாடகையைக் கேட்பார். மந்த காலத்தையும் சேர்த்துச் சராசரி பார்ப்பார். வரியும் பழுது செலவும் கழிப்பார். சந்தை நிறுவனத்துக்கும் அந்தக் கணக்குத்தான். 2019-20இன் மந்தத்தையும் 2024-25இன் வெள்ளத்தையும் ஒருசேர வைத்துச் சராசரி எடுங்கள். ஆப்ஷன் வருவாயில் பாதி நாளை ஒரு சுற்றறிக்கையில் போய்விட்டால் என்ன மிஞ்சும் என்று தனியே ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டாவது கணக்கிலும் விலை தாங்கும் என்றால் மட்டுமே அதை மதிப்பு முதலீடு என்று சொல்லலாம். என் மதிப்பீட்டில், இது நல்ல தொழில். 2020இல் மலிவான பங்கு. 2025இல் நல்ல தொழிலுக்கு மிகையான விலை. ஒரே தொழிலைப் பற்றித்தான் இந்த மூன்றையும் சொல்கிறேன்.

இன்னொரு சிறு செய்தி. இந்தியப் பங்குச் சந்தை நிறுவனங்களில் உள்நாட்டுத் தனிநபர் எவரும் 5 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்க இயலாது. ஆகவே பெருந்தனவந்தர் ஒருவர் மொத்தமாக வாங்கிக்கொள்வார், அப்போது விலை ஏறும் என்ற எதிர்பார்ப்புக்கு இங்கே இடமில்லை.

சுங்கத்தைக் கட்டியவர்கள் யார்?

இதுவரை பார்த்தது எவருக்கும் பொதுவான கணக்கு. நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி இன்னும் பாக்கியிருக்கிறது.

2024 செப்டம்பரில் செபி ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் டெரிவேடிவ் பிரிவில் இறங்கிய தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களுள் 93 சதவீதத்தினர் நட்டமடைந்தனர். மொத்த நட்டம் 1.8 இலட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். ஆண்டு வருமானம் ஐந்து இலட்சத்துக்கும் குறைவு என்று அறிவித்தவர்களே அவர்களில் நான்கில் மூன்று பங்கினர். முப்பது வயதுக்குட்பட்டோர் 2022-23இல் 31 சதவீதமாக இருந்து, மறு ஆண்டில் 43 சதவீதமாயினர். இம்மூன்று ஆண்டுகளில் தனிநபர்கள் கட்டணங்களாக மட்டும் செலவிட்டது சுமார் 50,000 கோடி ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு சந்தைகளின் கல்லாவுக்குப் போயிற்று. அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி வணிகம் என்.எஸ்.இ.யில் நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் 2024-25இல் பி.எஸ்.இ.யும் அந்த வெள்ளத்தில் தன் பங்கைப் பெற்றது. அவ்வாண்டிலும் 91 சதவீதத்தினருக்கு நட்டமே. தொகை ஓர் இலட்சம் கோடிக்கு மேல்.

ஆக, சந்தைக் குத்தகைதாரர் வசூலித்த காசு ஆடு வளர்த்தவரிடமிருந்தும் குர்பானிக்கு வாங்கியவரிடமிருந்தும் மட்டும் வரவில்லை. சந்தையின் ஒரு மூலையில் கூடாரம் போடப்பட்டது. அங்கே இளைஞர்கள் வாரந்தோறும் வந்து பணத்தை இழந்து போனார்கள். கூடாரத்துச் சுங்கமே பெருஞ்சுங்கமாயிற்று. அந்த இளைஞர்களில் நம் மஹல்லாப் பிள்ளைகள் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

மார்க்கச் சட்ட நோக்கில் இது புதிய விவாதமன்று. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, தனது ஏழாவது அமர்வில் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் ஆகுமானவையல்ல என்று தீர்மானித்தது. பொருளுமன்று, பயனுமன்று, வெறும் உரிமையை விலைபேசுவது என்பது அதன் காரணம். பங்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ஹலாலான தொழில் செய்யும் கம்பெனியின் பங்கை வைத்திருக்கலாம் என்பதே இக்காலப் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. வட்டி போன்ற கலப்பு வருவாய் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, வட்டிக் கடன் பங்குகளின் சந்தை மதிப்பில் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பன போன்ற அளவுகளை பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வோஃபி அமைப்பு வகுத்திருக்கிறது. இதே பி.எஸ்.இ.யே 2010 டிசம்பரில் ‘டாசிஸ்’ நிறுவனத்தோடு சேர்ந்து ஷரீஆ 50 என்ற குறியீட்டெண்ணை வெளியிட்டது என்பது சுவையான செய்தி. மற்றக் கம்பெனிகளை அளக்க அளவுகோல் தந்த சந்தையை அதே அளவுகோலால் அளந்தால் என்னாகும்? கடன் பிரச்சினையில்லை. முதலீட்டு வருவாய் 5 சதவீதத்துக்கு வெகு மேலே நிற்கிறது. பரிவர்த்தனைக் கட்டணத்தின் பெரும்பகுதி ஆப்ஷனிலிருந்து வருகிறது. இரண்டு இடங்களில் முட்டுகிறது. நான் ஃபத்வா கூறவில்லை, கணக்கைக் கூறுகிறேன்.

‘சந்தைக்காரர் இடம் கொடுத்தார், அங்கே மற்றவர்கள் செய்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பு?’ என்று கேட்கலாம். நூலகத்தில் இடம் கொடுப்பவருக்கு அந்த வாதம் பொருந்தும். ஒப்பந்தத்தை வடிவமைப்பதும், முடியும் கிழமையைத் தேர்வதும், அதற்கென்றே கட்டண அட்டவணை போடுவதும் சந்தை நிறுவனமே. அது வெறும் இடம் கொடுப்பவர் அன்று.

துபாயைப் பார்க்கலாமா?

வளைகுடாவில் இருக்கும் சகோதரர்கள் துபாய் நிதிச் சந்தையைச் சுட்டிக்காட்டுவார்கள். 2006 இறுதியில் அதன் 20 சதவீதப் பங்குகள் ஒரு திர்ஹம் வீதம் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2007 மார்ச்சில் தன் சந்தையிலேயே பட்டியலிடப்பட்டது. எஞ்சியவை அரசு சார்ந்த போர்ஸ் துபாய் நிறுவனத்திடம் இருந்தன. தன் செயற்பாடுகள் ஷரீஅத்துக்கு இணங்கியவை என்று அறிவித்துக்கொண்ட சந்தை அது. அதற்கென ஓர் அறிஞர் குழுவும் உண்டு. ஆனால் 2020இல் அங்கும் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தங்கள் தொடங்கப்பட்டன என்பதால், அங்கும் வருவாய் விவரத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். விலையைப் பொறுத்தவரை பாடம் அதேதான். 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் வெளியீட்டு விலையைப் போல் பல மடங்குக்கு விற்ற பங்கு, நிலச் சந்தை சரிந்து வணிகம் வற்றிய பின்னர், 2011இல் ஒரு திர்ஹத்துக்கும் கீழே கிடந்தது. அவ்வாண்டு நிறுவனம் சிறு நட்டமே கண்டது. பெயரில் இணக்கம் இருந்ததால் விலையில் பாதுகாப்பு வந்துவிடவில்லை.

பி.எஸ்.இ. பங்கை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்போர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நிறுவனத்தின் ஆண்டறிக்கை இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ‘செயற்பாட்டு வருவாய்’ என்ற குறிப்பைப் பிரித்து, பரிவர்த்தனைக் கட்டணம் எவ்வளவு, அதில் டெரிவேடிவ் பகுதி எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த குறிப்பில் ‘முதலீட்டு வருவாய்’ இருக்கும். வைப்புகளுக்கு வந்த வட்டியைத் தனியே குறியுங்கள். இரண்டையும் மொத்த வருவாயால் வகுத்து, அந்தத் தாளோடு உங்கள் ஊர் ஆலிமிடம் செல்லுங்கள். கலப்பு சிறிதாக இருந்தால், பங்கு ஒன்றுக்கு அதன் வீதத்தைக் கணக்கிட்டு நன்மையை நாடாமல் ஏழைகளுக்குக் கொடுத்து, மீதியைத் தூய்மையாக்கிக்கொள்ளும் வழி உண்டு. பிரதான வருவாயே கேள்விக்குரியதாக இருக்குமானால் அந்த வழி போதாது என்பார்கள் பலர். அப்போது பங்கை விற்றுவிடுவது ஒருபுறம். விற்று வரும் தொகையில் வாங்கிய விலைக்கு மேற்பட்டது எவ்வளவு தூரம் உரியவருக்கு ஆகும் என்பதில் அறிஞர்களிடையே ஒரே கருத்து இல்லை. உங்கள் ஆலிம் எந்தக் கருத்தைத் தேர்கிறார், ஏன் தேர்கிறார் என்பதையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.